இருட்டைப் பொதி கட்டி அனுப்புகிறார்கள், தெரியுமா?

கொழும்புத் துறைமுகத்தால் தேயிலை போகிறது, கறுவா போகிறது. இருட்டு வந்து இறங்கியிருக்கிறதா? இறங்கியிருக்கிறது! நூறு வருடத்துக்கு மேலாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறது! ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வெள்ளவத்தைக்கு வரும் ஒரு ஷீட் பிலிம் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அடைத்த அதே கும்மிருட்டு உள்ளே அப்படியே இருந்தால்தான் அதற்கு விலை. வழியில் யாராவது ஒருவர் "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று மூடியைத் தூக்கிப் பார்த்தால்? முடிந்தது கதை!

ஷீட் பிலிம் என்றால் என்ன? ரோல் பிலிம் போலச் சுருட்டி டப்பாவுக்குள் வராது. தட்டையான தனித்தனித் தாள். ஒரு தாளுக்கு ஒரு படம்தான்! கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு படம் பிடித்தாரே பழைய ஸ்ரூடியோக்காரர், அவருடைய கமராவுக்குள் போனது இதுதான். 4×5 அங்குலம் இன்றும் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துத் தந்தார்களே, 14×17 அங்குல எக்ஸ்றே பிலிம், அதுவும் இதே குடும்பம்தான்! ரோல் பிலிமுக்கு டப்பா உண்டு, இல்லாவிட்டால் முதுகில் கறுப்புக் கடதாசி உண்டு. ஷீட் பிலிமுக்குப் பெட்டி மட்டுமே காவல்.

எவ்வளவு வெளிச்சம் பட்டால் கெடும்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை பிலிமில் முதல் மங்கல் விழ, ஐ.எஸ்.ஓ. கணக்குப்படி, 0.002 லக்ஸ்-விநாடி வெளிச்சம் போதும். காலி வீதியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வகுத்துப் பாருங்கள்! ஒரு விநாடியை ஐந்து கோடித் துண்டாக்கி, அதில் ஒரே ஒரு துண்டு!

வெயில் வேண்டாம், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் ஏற்றுகிற ஒற்றை மெழுகுதிரி? ஒரு மீற்றர் தள்ளி நின்றாலும் 1/500 விநாடி போதும்! போயா தினத்து முழுநிலவு? 1/125 விநாடி! நிலா வெளிச்சத்தில் கண் இமைத்து முடிப்பதற்குள் மேல்தாள் போய்விடும்!

ஒரு துகளுக்குள் நடப்பது இன்னும் அதிசயம்! பிலிமின் மேலே பூசியிருப்பது ஜெலற்றினில் கலந்த வெள்ளி உப்புத் துகள்கள். ஒரு துகளின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நூற்றுக்கணக்கான கோடி வெள்ளி அணுக்கள்! ஒளி பட்டு அதில் வெறும் நாலு அணு ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் போதும், கழுவும் மருந்தில் போட்டதும் அந்தத் துகள் முழுவதும் கறுத்துவிடும். நாலு அணு!

இனி வருவதுதான் வயிற்றைக் கலக்குகிற சங்கதி. வெளிச்சம் பட்ட தாளைப் பார்த்தால் தெரியுமா? தெரியாது! சில விநாடி வெளிச்சம் குடித்த தாளும், வெளிச்சமே காணாத தாளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நிறம் மாறாது, மணம் வராது, கீறல் விழாது. பொதியைச் சோதித்தவர் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்ரிக் தாள்தான் என்று நினைத்து, மிகுந்த அக்கறையோடு திரும்ப மூடி, பிசின் நாடாவும் ஒட்டி அனுப்பிவிடுவார். அவர் எந்தக் குற்றமும் அறியாதவர். வாங்கியவருக்கும் தெரியாது. கலியாண வீட்டில் படம் எடுத்து, இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவிய பிறகுதான் தெரியும். மணமகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை, தாள் முழுக்கக் கறுப்பு! ஸ்ரூடியோக்காரர்கள் இரண்டே சொல்லில் முடிப்பார்கள்: "லைட் பட்டிட்டுது." அதற்கு மேல் பேசுவதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பெட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மூடி இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மட்டைகள்! முதல் மட்டைக்கு மேலே எதிர்ப்பக்கமாக இரண்டாவது, அதற்கு மேலே திரும்பவும் மூன்றாவது. வெளிச்சம் நுழைய வேண்டுமென்றால் மூன்று இடுக்குகளில் வளைந்து வளைந்து வரவேண்டும்! அதற்கும் உள்ளே கறுப்புப் பை. பைக்குள் பெரும்பாலும் 25 தாள்கள், மேலும் கீழும் மட்டை வைத்து. வெளியே, முழு இருட்டில் மட்டும் திறக்கவும் என்ற எச்சரிக்கை. இத்தனையும் தாண்டித்தான் ஒரு ஆர்வமான விரல் உள்ளே போய்விடுகிறது!

கும்மிருட்டில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று எப்படித் தெரியும்? தாளின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும்! முக்கோண வெட்டு, அரைவட்ட வெட்டு, சதுர வெட்டு. ஒவ்வொரு வகை பிலிமுக்கும் ஒவ்வொரு வெட்டுக்கோலம்! தாளை நெட்டாகப் பிடித்து, வெட்டு வலது கை மேல் மூலையில் தட்டுப்பட்டால் மருந்து பூசிய பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. விரல் நுனியால் வாசிக்கிற எழுத்து!

இருட்டறை என்றாலே சிவப்பு விளக்குத்தானே? சினிமாவில் அப்படித்தான்! ஆனால் எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்குரோமற்றிக் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் எமன்தான். சிவப்பைக் காணாத பழைய ஓதோகுரோமற்றிக் வகைக்கும், படம் அச்சிடுகிற கறுப்பு வெள்ளைத் தாளுக்கும்தான் அந்த விளக்கு ஆகும். மற்றதெல்லாம் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டில்தான் நடக்கவேண்டும்.

அப்படியானால் அந்த பிலிமைச் செய்கிறவர்கள்? அவர்களும் இருட்டில்தான்! நம் பக்கத்திலேயே உதகமண்டலத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது தெரியுமா? இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்! 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. "இந்து" என்ற பெயரில் எக்ஸ்றே பிலிமும் கறுப்பு வெள்ளை பிலிமும் செய்தது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று, பூச்சு வேலைக்குத் தோதான இடம். நீலகிரித் தமிழர்கள் பட்டப்பகலில் இருட்டுக்குள் போய் வேலை செய்து, மாலையில் வெளிச்சத்துக்கு வந்தார்கள்!

வழியில் கெட்டுப்போகாத பிலிம் ஒரு காலத்தில் இருந்தது தெரியுமா? காரணம் எளிது, பிலிம் பயணமே செய்யவில்லை! கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் தேவாலய முற்றத்தில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது! அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டில் மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள், சில நிமிடங்களுக்குள், படத்தை எடுத்துக் கழுவியும் விடவேண்டும். இருட்டறையையே கூடக் கொண்டு திரிந்த காலம் அது!

1871இல் ரிச்சர்ட் லீச் மாடொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஜெலற்றின் உலர்தட்டு யோசனையை வெளியிட்டார். பிறகு தொழிற்சாலையில் பூசிய தட்டுகள் கப்பல் ஏறத் தொடங்கின. சுயஸ் கால்வாய் 1869இலேயே திறந்தாயிற்று. கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல், 1885இல் வேலை முடிவு. 1890இல் பிளாட்டே என்ற படப்பிடிப்பு நிறுவனம் கொழும்பில் கடை திறந்தது. வெப்பநாடுகளுக்கென்று தகரப் பெட்டியில் அடைத்து ஈயம் பற்றவைத்து அனுப்புவார்கள். வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் பயந்துதான்! வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வெளிச்சமே படாத பிலிமும் மெல்ல மெல்ல மங்கிவிடும். கொழும்பில் பிலிம் வைத்திருப்பவர்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அதனால்தான். எடுத்தவுடன் திறக்கக் கூடாது, சில மணித்தியாலம் வெளியே ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் தாள் வியர்த்துவிடும்!

1888இல் வந்த கொடக் கமரா செய்த வேலை தெரியுமா? பிலிமை மாற்றும்போது வெளிச்சம் படும் என்ற பிரச்சினைக்கு ஒரே வெட்டாகத் தீர்வு கண்டது. நீங்கள் கமராவைத் திறக்கவே வேண்டாம்! 100 படம் எடுத்து முடிந்ததும் முழுக் கமராவையும் தபாலில் தொழிற்சாலைக்கே அனுப்பிவிடுங்கள்! அங்கே படத்தைக் கழுவி, புது பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அன்றைய விலை 25 டொலர்!

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் உண்டு. கட்டுநாயக்கா போன்ற விமான நிலையங்களில் பெட்டியைத் தள்ளுகிறார்களே, எக்ஸ்றே இயந்திரம்? பெட்டியின் மூன்று மூடியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை! சரக்குப் பொதிகளையும் தபால் பொதிகளையும் சோதிக்கும் இயந்திரங்களின் கதிர் பலமானது. இப்போது கைப்பைக்கும் வந்துகொண்டிருக்கும் சீ.ரீ. ஸ்கானரில் ஒரே ஒரு தடவை போனாலே, எந்த வேகமுள்ள பிலிமும் கெட்டுவிடலாம் என்று பிலிம் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. பெட்டியைத் திறந்தால் கீழ்த்தாள்களின் ஓரம்தான் கறுக்கும். எக்ஸ்றே பட்டால் தாளின் நடுவிலும் அலை அலையாகப் பட்டை விழும். ஈயப்பையில் போட்டு அனுப்பலாமே என்கிறீர்களா? ஸ்கானரில் கறுப்புக் கட்டியாகத் தெரியும், உடனே திறந்து பார்ப்பார்கள்!

இந்த உலகத்தின் மிகப் பெரிய இரகசியங்களில் ஒன்றின் சுவடு ஒரு கெட்டுப்போன பிலிம் பெட்டிக்குள் கிடந்தது, தெரியுமா? இது கதையில்லை!

1945ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவில் கொடக் நிறுவனத்துக்கு முறைப்பாடு வருகிறது. புத்தம் புது எக்ஸ்றே பிலிமைக் கழுவினால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்! யாரும் திறக்கவில்லை, எங்கும் ஒளிக்கசிவு இல்லை. பெட்டிக்குள் இருட்டில் இருந்தபடியே பிலிம் எப்படிக் கெட்டது? ஜூலியன் வெப் என்ற கொடக் பௌதிகவியலாளர் துருவத் தொடங்கினார். குற்றவாளி யார் தெரியுமா? பிலிமைப் பாதுகாக்க வைத்த மட்டை! அது வைக்கோலில் செய்த மட்டை. இந்தியானா மாநிலத்து வின்சென்ஸ் ஊரில், வபாஷ் ஆற்றங்கரை ஆலையில் செய்தது. செய்த நாள்? 1945 ஆகஸ்ட் 6! ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள்!

மட்டைக்குள் இருந்தது சீரியம்-141. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 32 நாள். அணுப் பிளவில் உண்டாகிற பொருள்! எங்கிருந்து வந்தது? 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டைப் பரம இரகசியமாக வெடித்துப் பார்த்தார்கள். அதன் தூசி ஆயிரம் மைலுக்கு மேல் காற்றில் மிதந்து போய், மழையோடு இறங்கி, ஆற்றுத் தண்ணீரில் கலந்து, ஆலைக்குள் புகுந்து, மட்டையாகி, பெட்டிக்குள் உட்கார்ந்து, பிலிமில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது! தூசி எங்கே போனது என்று மனிதர்கள் சொல்லவில்லை, வைக்கோல் சொல்லிவிட்டது! வெப் இதை 1949இல் கட்டுரையாக வெளியிட்டார்.

கொடக் எப்படி இவ்வளவு விரைவாக மட்டையைச் சந்தேகித்தது? முன்பே ஒரு தடவை சூடு பட்டிருந்தது! இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய காலம். அந்தத் தொழிற்சாலைகளின் கழிவுக் கடதாசி மறுசுழற்சியில் மட்டையாகி வந்து பிலிமைக் கெடுத்திருந்தது! 1951இல் நெவாடாவில் குண்டு வெடித்தபோது ரொச்செஸ்ரரில், கொடக்கின் சொந்த ஊரில், கதிர்வீச்சோடு பனி பெய்தது! நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று எச்சரிக்க, இனி வெடிப்புகளைப் பற்றி முன்கூட்டியே சொல்கிறோம் என்று அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு ஒப்புக்கொண்டது. பால் குடிக்கிற பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லவில்லை, பிலிம் கம்பனிக்குச் சொன்னார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் இருட்டில் கெட்ட ஒரு தட்டால்தான்! 1896 பெப்ரவரி கடைசி. பாரிஸில் மப்பும் மந்தாரமும். வெயில் வரட்டும் என்று ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பையும், கறுப்புக் கடதாசியில் சுற்றிய தட்டையும் மேசை லாச்சிக்குள் வைத்தார். மார்ச் 1ஆம் திகதி எதற்கும் பார்ப்போமே என்று கழுவினார். வெயிலே படாத தட்டில் பளிச்சென்று உருவம்! நோபல் பரிசு 1903இல் வந்தது!

மரப்பெட்டியும் பிலிமைக் கெடுக்கும் என்றால் நம்புவீர்களா? 1890களின் இறுதியில் டபிள்யூ. ஜே. ரசல் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் காட்டினார்: இருட்டிலே மரத்துண்டைத் தட்டின் மேல் வைத்தால் மரத்தின் வரிகள் படமாக விழுகின்றன! மரத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் பெரொக்சைட்டின் வேலை. அலுமாரியில் சேலைக்கு நடுவே போடுகிற அந்துருண்டை? அதன் ஆவியும் பிலிமுக்கு ஆகாது! பெயின்ற் மணம், பூச்சி மருந்து, வாகனப் புகை, எல்லாமே பகை!

கடுகுக்கும் பிலிமுக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம்! பிலிமின் ஜெலற்றின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருகிறது. மாடு கடுகுச்செடி தின்றிருந்தால் அதிலுள்ள கந்தகம் ஜெலற்றினுக்குள் வந்து பிலிமுக்கு ஒளிக்கூர்மை தந்தது! கொடக்கின் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் இதைக் கண்டுபிடித்தார். கடுகுச்செடி இல்லாவிட்டால் அந்நாளில் படமே மந்தம்!

வரண்ட காற்றில் தாளைச் சடாரென்று இழுத்தால் நிலைமின்சாரம் பொறி தட்டி, பிலிமில் கிளை கிளையாகக் குட்டி மின்னல் விழும்! நம் கடலோரக் காற்றின் ஈரம் இதில் மட்டும் நமக்கு நண்பன். தாளை மடங்கப் பிடித்தால்? நகம் அழுத்திய இடத்தில் பிறைநிலாப் போலக் கறுப்புத் தழும்பு. வெளிச்சமே வேண்டாம், அழுத்தம் போதும்!

தவறிப் பட்ட வெளிச்சம் கலையானது தெரியுமா? 1929 அளவில் பாரிஸில், படப்பிடிப்புக் கலைஞர் மான் ரேயின் இருட்டறை. அவருடைய உதவியாளர் லீ மில்லரின் காலில் ஏதோ ஊர்ந்தது, எலியாக இருக்கலாம். லீ மில்லர் அலறிக்கொண்டு விளக்கைப் போட்டுவிட்டார்! பாதி கழுவிய படங்கள் எல்லாம் போச்சு என்று நினைத்தால், உருவத்தின் விளிம்பில் கோடு கிழித்தாற்போல ஒரு விந்தை! பெயர் சோலரைசேஷன். இந்த வித்தையைக் கொழும்பில் கைவசப்படுத்தியவர் யார்? லயனல் வென்ட்! 1900இல் கொழும்பில் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ மேதை. 1943இல் '43 குழு' ஓவியர்களுக்கு முன்னின்றவர். மறு வருடம் 44 வயதில் போய்விட்டார். கொழும்பு 7இல் அவர் பெயரில் அரங்கு இருக்கிறது, நாடகம் பார்க்கப் போயிருப்பீர்கள். அடுத்த தடவை போகும்போது அவருடைய சோலரைஸ் படங்களையும் தேடிப் பாருங்கள். இந்த ஊர் மனிதர்கள், இந்த ஊர் வெயில், விளிம்பில் அந்த மாயக்கோடு!

கெட்டுப்போன பழைய எக்ஸ்றே பிலிமால் சூரிய கிரகணம் பார்க்கலாமா? 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26, இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம்! எத்தனை பேர் எக்ஸ்றேயைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள்! தயவுசெய்து வேண்டாம். கறுப்பாகத் தெரிந்தாலும், விழித்திரையைச் சுடுகிற கதிர் அதனூடாக வரும்.

சரி, வந்த பெட்டியை யாரோ திறந்துவிட்டார்கள். எல்லாம் போச்சா? பொறுங்கள், எறிந்துவிடாதீர்கள்! அடுக்கிய தாள்கள் ஒன்றுக்கொன்று குடை. பெரும்பாலும் மேல்தாள்தான் முழு அடியையும் வாங்கும். கீழே உள்ளவற்றுக்கு ஓரம் மட்டும் கறுக்கலாம், நடு தப்பிக்கலாம். இரவில் குளியலறை யன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், கதவடியில் துவாயைச் செருகுங்கள், கைத்தொலைபேசியை வெளியே வையுங்கள். இருபது நிமிடம் சும்மா இருங்கள், அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு ஒளிக்கசிவுகள் தெரியத் தொடங்கும்! கசிவெல்லாம் அடைத்தாயிற்றா? மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, மூன்று தாள் எடுத்து, படம் பிடிக்காமலே கழுவுங்கள். ஏறத்தாழத் தெளிவாக வந்தால் நல்ல தாள். கறுத்து வந்தால் கெட்டது. மூன்று தாளைப் பலி கொடுத்து இருபத்திரண்டைக் காப்பாற்றலாம்!

ஒழுங்காக இருட்டுக்குள் இருந்தால் பிலிம் எத்தனை காலம் பொறுக்கும்? 1897இல் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்ட சுவீடன்காரர் அந்த்ரேயும் இரண்டு தோழர்களும் திரும்பவில்லை. 33 வருடம் கழித்து, 1930இல், வெள்ளைத் தீவில் அவர்களுடைய உடல்களோடு பிலிமும் கிடைத்தது. 240 படங்களில் 93 மீண்டு வந்தன! 2013இல் அந்தாட்டிக்காவில், கப்டன் ஸ்கொட்டின் குடிசையில், பனிக்கட்டியில் ஒட்டிக் கிடந்த 22 நெகட்டிவ்கள் வெளியே வந்தன. எடுத்து ஏறத்தாழ நூறு வருடம்! அதில் மனித முகங்கள் தெரிந்தன!

அது குளிர்நாடு, நம் புழுக்கத்தில் அவ்வளவு காலம் தாங்காது. ஆனாலும் கேளுங்கள். 1983 கலவரத்தில் இந்த வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகள் அல்பங்களோடு எரிந்தன. பின்னால் வந்த இடப்பெயர்வுகளில் வடக்கிலும் கிழக்கிலும் மிச்சமும் போனது. அப்பா, தாத்தா ஸ்ரூடியோ வைத்திருந்த வீடா உங்களுடையது? அலுமாரிக்கு மேலே, பழைய பெட்டகத்துக்குள், மூன்று மூடியுள்ள ஒரு தட்டைப் பெட்டி கிடக்கிறதா? அது புது பிலிமாக இருக்கலாம், படம் எடுத்துக் கழுவாமல் விட்ட பிலிமாகவும் இருக்கலாம். திறந்து பார்க்காதீர்கள்! பெட்டியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள், "முழு இருட்டில் மட்டும் திறக்கவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், பிலிம் கழுவத் தெரிந்த ஒருவரின் கையில் கொடுங்கள். தூர இடத்துக்கு அனுப்புவதென்றால் போகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள்; எக்ஸ்றே வேண்டாம், திறக்காமல் கையால் சோதியுங்கள் என்று விமான நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.